பழைய கணினி அடிக்கடி நின்றுபோகிறதா? முதலில் நகல் எடுங்கள்

வீட்டுக் கணினி ஒருமுறை நீலத்திரை காட்டி நின்றால் அது தற்செயலாக இருக்கலாம். இரண்டாம் முறையும் நின்றால் அப்படி ஒதுக்கிவிட முடியாது. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களான எட்மண்ட் நைட்டிங்கேல், ஜான் டூசர், வின்ஸ் ஓர்கோவன் ஆகிய மூவரும் ஏறத்தாழப் பத்து லட்சம் கணினிகள் அனுப்பிய பழுது அறிக்கைகளை ஆராய்ந்து, 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டவை அலுவலக சர்வர்கள் அல்ல, சாதாரண மக்கள் பயன்படுத்தும் கணினிகள். எட்டு மாதங்களில் மொத்தம் 30 நாள் அளவுக்காவது ப்ராசஸர் ஓடிய கணினிகளில், ப்ராசஸர் சார்ந்த பழுதால் ஒருமுறை நின்றுபோகும் வாய்ப்பு 190இல் ஒன்றாக இருந்தது. அப்படி ஒருமுறை நின்ற கணினி மறுபடி நிற்கும் வாய்ப்போ சுமார் மூன்றில் ஒன்று. ரேம், ஹார்டு டிஸ்க் பழுதுகளிலும் இதே போக்குதான். வன்பொருள் பழுது ஒருமுறை தலைகாட்டிவிட்டால், அது திரும்ப வரும் வாய்ப்பு நூறு மடங்கு வரை கூடுகிறது.

பெரும்பாலான வீடுகளில் இந்த எச்சரிக்கையை யாரும் பொருட்படுத்துவதில்லை. கணினி நின்றால் அணைத்துப் போடுகிறார்கள். ஓடினால் மறந்துவிடுகிறார்கள். ஒருநாள் அடியோடு ஓடாமல் போகும்போதுதான் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அதற்குள் பல வீடுகளில் காலம் கடந்துவிடுகிறது.

பழைய கணினி என்று அலட்சியமாகச் சொன்னாலும், அதற்குள் இருப்பதை நினைத்துப் பாருங்கள். 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த கணினியில் இன்றும் பிள்ளைகள் படிக்கும் வீடுகள் இருக்கின்றன. சென்னை ரிச்சி தெருவில் உதிரி உதிரியாக வாங்கிப் பூட்டிய கணினியில் பத்து ஆண்டுக் கடைக் கணக்கு இருக்கும். கல்யாணப் படங்கள், இறந்துபோன பெரியவர்களின் குரல் பதிவுகள், பத்திரங்களின் ஸ்கேன் நகல்கள் என்று வேறெங்கும் இல்லாதவை இருக்கும். பாகங்களைப் பணம் கொடுத்து வாங்கலாம். கோப்புகளை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் நகல், அடுத்து குறிப்பு, அதன்பின் சோதனை, கடைசியில் பழுது நீக்கம். இந்த வரிசையைத் தலைகீழாக்குவதுதான் பெரும்பாலான இழப்புகளுக்குக் காரணம்.

ஃபார்மட் அடிப்பதில் உள்ள ஆபத்து

கணினி அடிக்கடி நிற்கிறது என்று கடையில் சொன்னவுடன் வரும் பதில், “ஃபார்மட் அடிச்சுப் புதுசா விண்டோஸ் போட்டுடலாம்.” மென்பொருள் கெட்டிருந்தால் அது தீர்வுதான். ரேமோ, ஹார்டு டிஸ்க்கோ, கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸோ கெட்டிருந்தால் ஃபார்மட் எதையும் சரிசெய்யாது. சில நாள் கழித்து அதே நீலத்திரை வரும். வித்தியாசம் ஒன்றுதான்: கோப்புகள் இருந்த இடம் காலியாகியிருக்கும்.

குயிக் ஃபார்மட் செய்தால் ஹார்டு டிஸ்க்கில் உள்ள கோப்புகளின் அட்டவணை மட்டும்தான் அழியும், தரவு அப்படியே கிடக்கும். மீட்பு மென்பொருளால் அதில் ஓரளவு திரும்ப எடுக்க முடியும். ஆனால் அதன்மேல் விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது பல ஜிபி எழுதப்படுகிறது. எழுதப்பட்ட இடத்தில் இருந்த பழைய தரவு திரும்பாது. முழு ஃபார்மட் இன்னும் கடுமையானது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து முழு ஃபார்மட் என்றால் டிஸ்க் முழுவதும் பூஜ்யங்களை எழுதுவது. அதற்குப் பிறகு எந்த மீட்புக் கூடத்துக்குப் போனாலும் பயனில்லை. எஸ்எஸ்டியில் குயிக் ஃபார்மட்கூட ஆபத்துதான். ஃபார்மட் ஆனவுடன் ‘டிரிம்’ என்ற கட்டளையை விண்டோஸ் அனுப்புகிறது. இந்த இடமெல்லாம் இனி தேவையில்லை என்று அது எஸ்எஸ்டிக்குச் சொல்வதால், பழைய தரவை எஸ்எஸ்டி தானே துடைத்துவிடுகிறது.

எனவே கடைக்காரரிடம் கணினியை ஒப்படைக்கும் முன், “என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது” என்று வாயால் சொல்லுங்கள், பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். நகல் எடுக்காமல் ஒப்படைப்பதே தவறு. எடுக்க முடியாத நிலை என்றால், டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் கொடுக்கலாம்.

ஹார்டு டிஸ்க் சொல்வதும் சொல்லாததும்

கூகுள் நிறுவனத்தின் பின்ஹெய்ரோ, வெபர், பரோசோ ஆகியோர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்க்குகளைக் கண்காணித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு முடிவுகள் முக்கியமானவை. டிஸ்க் தன்னைத்தானே சோதிக்கும்போது முதல் ஸ்கேன் பிழை பதிவானால், அடுத்த 60 நாளில் அது செத்துப்போகும் வாய்ப்பு பிழையில்லாத டிஸ்க்கைவிட 39 மடங்கு அதிகம். இது முதல் முடிவு. இரண்டாவது முடிவு அதைவிடக் கவலை தருவது. செத்துப்போன டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேற்பட்டவை, முக்கியமான நான்கு எச்சரிக்கை அளவீடுகளில் எதையும் காட்டாமலேயே செத்திருந்தன. எச்சரிக்கை வந்தால் ஆபத்து நெருங்கிவிட்டது, எச்சரிக்கை வரவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்றாகாது.

டிஸ்க்கின் இந்த அளவீடுகளுக்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் அவற்றைப் பார்க்கலாம். எண் 5, கெட்டுப்போனதால் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள் எனப்படும் சிறு பகுதிகளின் கணக்கு. எண் 197, படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டார்கள். எண் 198, சோதித்தும் திருத்த முடியாதவை. இவை மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். பூஜ்யமாக இல்லாமல், பார்க்கும்போதெல்லாம் ஏறிக்கொண்டும் இருந்தால் அந்த டிஸ்க்கை இனி நம்பக் கூடாது. எண் 199 மட்டும் வேறு கதை. அது ஏறினால் பெரும்பாலும் டிஸ்க்கில் குற்றமில்லை, டிஸ்க்கையும் மதர்போர்டையும் இணைக்கும் சாட்டா கேபிள்தான் கெட்டிருக்கும். சிறிய தொகைக்குக் கிடைக்கும் கேபிளை மாற்றினால் தீரும் பழுதுக்கு டிஸ்க்கையே மாற்ற வேண்டியதில்லை.

டிஸ்க் தடுமாறும்போது பலர் செய்யும் தவறு, ‘செக் டிஸ்க்’ கட்டளையைப் பழுது நீக்கும் முறையில் ஓட்டுவது. அது டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டாரையும் படிக்க முயலும், அட்டவணையில் மாற்றங்களை எழுதும். உடல்நலம் உள்ள டிஸ்க்கில் இது நல்ல மருந்து. செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் மணிக்கணக்கான இந்த உழைப்பே அதன் கடைசி உழைப்பாகிவிடலாம். நகல் எடுத்த பிறகே செக் டிஸ்க்.

எஸ்எஸ்டியில் சுழலும் தட்டோ ஊசியோ இல்லை, ஆகவே சத்தம் போட்டு எச்சரிக்கவும் தெரியாது. ஒருநாள், கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் திரையிலேயே தெரியாமல் போகும். அதன் உள்மென்பொருளில் பிழை இருந்தால் விசித்திரமான நோய்களும் வரும். குருஷியல் நிறுவனத்தின் எம்4 என்ற எஸ்எஸ்டி, மொத்தம் 5,184 மணி நேரம் ஓடியபின் திடீரென்று நின்றுபோகும். திரும்பப் போட்டால் ஒரு மணி நேரம் ஓடி மறுபடி நிற்கும். 2012 ஜனவரியில் நிறுவனம் வெளியிட்ட உள்மென்பொருள் மேம்படுத்தல் அதைத் தீர்த்தது. மணிக்கொருமுறை நின்ற அந்தக் கணினிகளில் விண்டோஸை எத்தனை முறை புதிதாகப் போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது.

எப்படி நகல் எடுப்பது

கணினி இன்னும் ஓடுகிறது என்றால், வேறெந்த வேலையும் செய்யாமல் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றை இணைத்து நகல் எடுங்கள். முழு டிஸ்க்கையும் ஒரே மூச்சில் நகலெடுக்க வேண்டாம். வேறெங்கும் கிடைக்காதவை முதலில்: ஆவணங்கள், கணக்குகள், குடும்பப் படங்கள். அடுத்து வீடியோக்கள். சினிமாவும் பாட்டும் கடைசியில். டிஸ்க் எப்போது நிற்கும் என்று தெரியாத நிலையில், இந்த வரிசையைப் பொறுத்தே எது மிஞ்சும் என்பது முடிவாகும்.

விண்டோஸ் திறக்கவே இல்லை என்றாலும் கோப்புகள் போய்விட்டன என்று பொருளல்ல. உபுண்டு போன்ற லினக்ஸை வேறொரு கணினியில் பென் டிரைவில் ஏற்றி, அதைக் கொண்டு பழைய கணினியைத் துவக்கலாம். ஹார்டு டிஸ்க்கில் எதையும் நிறுவாமல் ‘முயன்று பார்’ என்ற வழியைத் தேர்ந்தெடுத்தால், டிஸ்க்கில் உள்ள கோப்புகள் தெரியும். அங்கிருந்து வெளி டிஸ்க்குக்கு நகலெடுக்கலாம்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. நகலெடுக்கும் ஒவ்வொரு பைட்டும் ரேம் வழியாகத்தான் போகிறது. ரேம் கெட்டிருந்தால், நகல் எந்தப் பிழையும் காட்டாமல் முடியும், ஆனால் படத்தின் பாதி சாம்பல் நிறமாகவோ, கணக்குக் கோப்பு திறக்காமலோ இருக்கும். எனவே ரேம்மீது சந்தேகம் இருந்தால், டிஸ்க்கைக் கழற்றி நல்ல கணினி ஒன்றில் சாட்டா-யுஎஸ்பி கேபிள் மூலம் இணைத்து நகலெடுங்கள். மடிக்கணினியின் சிறிய டிஸ்க்குக்கு அந்தக் கேபிளே போதும். மேசைக் கணினியின் பெரிய டிஸ்க்குக்கு 12 வோல்ட் மின்சாரம் தேவை, ஆகவே தனி அடாப்டர் உள்ள கேபிள் வேண்டும். புதிய நகலைப் பழைய நகலின்மேல் எழுதிவிடாதீர்கள். பழையது ஒருவேளை சேதமில்லாததாக இருக்கலாம். எடுத்து முடித்தபின் ஒவ்வொரு கோப்புறையிலும் சில கோப்புகளையாவது திறந்து பாருங்கள்.

விண்டோஸ் 10, 11 உள்ள சில மடிக்கணினிகளில் டிஸ்க் பிட்லாக்கர் என்ற குறியாக்க வசதியால் பூட்டப்பட்டிருக்கும். அதைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணினி ஓடும்போதே அதைப் பார்த்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சீரான சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். இன்னொருமுறை முயன்று பார்க்கலாம் என்று போடும் ஒவ்வொரு முறையும் சேதம் கூடலாம். தட்டுக்கும் ஊசிமுனைக்கும் நடுவே உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். வீட்டில் மூடியைத் திறந்தால் தூசு போதும், தட்டு கீறிவிடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஓடும் என்ற பேச்சை நம்பாதீர்கள், உள்ளே ஈரம் படியும். கோப்புகள் மிக முக்கியம் என்றால் தரவு மீட்புக் கூடம்தான் வழி. அந்தச் செலவைத் தாங்க முடியாது என்பவர்கள்தான் முன்கூட்டியே நகல் எடுத்து வைக்க வேண்டியவர்கள்.

நீலத்திரையைப் படியுங்கள்

கோப்புகள் பத்திரமான பிறகு காரணத்தைத் தேடலாம். இயங்குதளத்தின் மையப் பகுதியில் திருத்த முடியாத தவறு நேர்ந்தால், தவறான தரவு டிஸ்க்கில் எழுதப்படாமல் தடுக்க விண்டோஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. அதுதான் நீலத்திரை. அதில் உள்ள பிழைப் பெயர் துப்பறிய உதவும் முதல் தடயம். ஆனால் விண்டோஸ் சில விநாடிகளில் தானே ரீஸ்டார்ட் ஆகும்படி அமைக்கப்பட்டிருக்கும். கன்ட்ரோல் பேனலில் ‘சிஸ்டம்’ பகுதியில் ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி’யைத் திறந்து, தானாக ரீஸ்டார்ட் ஆகும் வசதியை நீக்குங்கள். அடுத்த முறை திரை நிற்கும், கைபேசியில் படம் எடுக்கலாம்.

‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று வந்தால் முதலில் ரேமைச் சோதிக்க வேண்டும். ‘கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்’, ‘அன்மவுன்டபிள் பூட் வால்யூம்’ என்பவை டிஸ்க்கையும் அதன் கேபிளையும் காட்டுகின்றன. ‘டபிள்யூஎச்இஏ அன்கரெக்டபிள் எரர்’ என்றால் ப்ராசஸரே வன்பொருள் பழுதைப் புகார் செய்கிறது: சூடு, மின்சாரம், ப்ராசஸர், மதர்போர்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ‘வீடியோ டிடிஆர் ஃபெய்லியர்’ கிராஃபிக்ஸ் கார்டையோ அதை இயக்கும் டிரைவர் மென்பொருளையோ குறிக்கிறது. ஒரே பிழை ஒரே டிரைவர் கோப்பின் பெயரோடு திரும்பத் திரும்ப வந்தால் அந்த டிரைவர்மீது சந்தேகம் கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பிழை வந்தால் ரேம்மீது சந்தேகம் வலுக்கிறது.

ரிலையபிலிட்டி மானிட்டர் என்ற விண்டோஸ் வசதி எந்த நாளில் என்ன நின்றது என்பதை நாட்காட்டிபோல் காட்டும். ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்ற பதிவைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் போச்சு என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. கணினி முறையாக அணைக்கப்படாமல் நின்றது என்பது மட்டுமே அதன் பொருள், காரணத்தை அது சொல்வதில்லை. அதே இடத்தில் ‘டிஸ்க்’ என்ற பெயரில் 7, 153 ஆகிய எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 7 என்றால் டிஸ்க்கில் படிக்க முடியாத பகுதி உண்டு. 153 என்றால் படிப்பதையோ எழுதுவதையோ மறுபடி முயல நேர்ந்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இணையம் பார்க்கும்போது நீலத்திரைபோல் ஒன்று தோன்றி, “உங்கள் கணினி பூட்டப்பட்டது, இந்த எண்ணை அழையுங்கள்” என்றால் அது மோசடி. உண்மையான நீலத்திரையில் தொலைபேசி எண் இருக்காது. அழைக்காதீர்கள். யார் கேட்டாலும் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் அனுமதியைக் கொடுக்காதீர்கள்.

ரேம்

ரேம் பழுது அரிது என்ற எண்ணம் தவறு. கூகுள் சர்வர்களை வைத்து 2009இல் வெளியான ஆய்வில், ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம் துண்டுகளில் ஒரு பிழையாவது பதிவானது. அந்த சர்வர்களில் பிழையைத் திருத்தும் ரேம் இருந்ததால் அவை தப்பின. வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் அந்த வசதி இல்லை. பிழை நேர்ந்தது தெரியாமலேயே தரவு மாறிப்போகும்.

சோதிப்பது எளிது. விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது. அதைவிடக் கடுமையானது மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச மென்பொருள். பென் டிரைவிலிருந்து துவக்கி இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை ஏற்கக் கூடாது. இரண்டு துண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்தால் எது கெட்டது என்று தெரியும். ரேமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்துப் போடும் கடைப் பழக்கம், பற்களில் அழுக்குப் படிந்திருந்தால் பலன் தரும். தேய்க்கும் முன் மின்கம்பியைப் பிடுங்க வேண்டும், ரப்பர் துகள்களைத் துடைக்க வேண்டும். உள்ளே இருக்கும் சில்லு கெட்டிருந்தால் எவ்வளவு தேய்த்தும் பயனில்லை.

மின்சாரமும் சூடும்

நீலத்திரையே வராமல் பட்டென்று அணைந்தால் எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ், சூடு என்ற மூன்றையும் வரிசையாகப் பாருங்கள்.

எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட், 11.4க்கும் 12.6க்கும் இடையில் இருக்க வேண்டும். 5 வோல்ட், 4.75க்கும் 5.25க்கும் இடையில். பயாஸ் திரையில் இந்த அளவுகள் ஓரளவுக்குத் தெரியும், மெக்கானிக்கிடம் மல்டிமீட்டர் இருந்தால் துல்லியமாகத் தெரியும். கணினி சும்மா இருக்கும்போது சரியாக இருந்து, கேமோ வீடியோவோ ஓடும்போது இறங்கினால் எஸ்எம்பிஎஸ் தளர்ந்துவிட்டது. அதை வீட்டில் திறக்காதீர்கள். 230 வோல்ட் வீட்டு மின்சாரம் அதற்குள் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரமாக மாறிக் கெபாசிட்டரில் தேங்குகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே இருந்து உயிரையே எடுக்கலாம்.

காலையில் முதல்முறை போட்டால் ஓடாமல், இரண்டு மூன்று தடவை போட்டபின் ஓடினால் கெபாசிட்டர்கள் காய்ந்துவருகின்றன என்று சந்தேகிக்கலாம். மதர்போர்டில் உருளையாக நிற்கும் கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ அவை கெட்டுவிட்டன. 2000களின் தொடக்கத்தில் தரம் குறைந்த கெபாசிட்டர்கள் உலகெங்கும் கணினிகளைக் கொன்றன. டெல் நிறுவனம் தன் ஆப்டிபிளெக்ஸ் கணினிகளின் மதர்போர்டுகளைச் சரிசெய்ய 2005இல் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டிவந்தது. நல்ல கெபாசிட்டரும் சூட்டுக்குத் தப்பாது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுவியலில் பொது விதி. வேலூர், திருச்சி, மதுரை போன்ற ஊர்களில் மே மாதம் வெளியிலேயே 40 டிகிரியைத் தொடும்போது, மூடிய பெட்டிக்குள் இருப்பது அதைவிடக் கூடுதல்.

கரன்ட் போய் யுபிஎஸ்ஸுக்கு மாறும் நொடியில் கணினி ரீஸ்டார்ட் ஆனால் இரண்டில் ஒன்று காரணம். யுபிஎஸ் பேட்டரி தீர்ந்திருக்கலாம், வீட்டு யுபிஎஸ்ஸில் உள்ள ஈய-அமில பேட்டரி சில ஆண்டுகளே உழைக்கும். அல்லது எஸ்எம்பிஎஸ் தளர்ந்திருக்கலாம். மின்சாரம் அறுந்தபின்னும் சுமார் 16 மில்லி விநாடி தாக்குப்பிடிப்பது நல்ல எஸ்எம்பிஎஸ்ஸின் இலக்கணம், கெபாசிட்டர் காய்ந்தால் அந்த நேரம் குறைகிறது. இப்படி, டிஸ்க்கில் எழுதும்போது அறுபடும் மின்சாரம் கோப்புகளைக் கெடுக்கும். விண்டோஸின் கோப்பு முறை தன் அட்டவணையைத்தான் காத்துக்கொள்ளும், கோப்புக்குள் இருக்கும் தரவுக்கு உத்தரவாதம் தராது. பிளக்கின் மூன்றாவது முனையில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்ப்பதும் அவசியம். பெட்டியைத் தொட்டால் சுரீர் என்றால் எர்த் இல்லை என்று பொருள்.

ஓட ஆரம்பித்து கால்மணி, அரைமணியில் நின்றால் சூட்டைச் சந்தேகியுங்கள். பல ப்ராசஸர்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு ஏறினால் தம்மைக் காக்கக் கணினியையே அணைத்துவிடும். விசிறியில் அடைந்த தூசு, ப்ராசஸருக்கும் அதன் மேலுள்ள உலோகத்துக்கும் நடுவே காய்ந்துபோன பேஸ்ட் ஆகிய இரண்டுமே பெரும்பாலும் காரணம். இரண்டும் குறைந்த செலவில் தீரும். மடிக்கணினியின் அடிப்பகுதி உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது. குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். அது தீப்பற்றக்கூடியது.

மென்பொருளா, வன்பொருளா

வன்பொருளில் ஒரு குறையும் இல்லாமல் மென்பொருளே நிறுத்துவதும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான மேம்படுத்தலால் உலகெங்கும் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. வீட்டுக் கணினியிலும் ஒரு டிரைவரோ ஆன்டிவைரஸோ அதைச் செய்யலாம்.

பிரித்தறிய நல்ல வழி, முன்பு சொன்ன லினக்ஸ் பென் டிரைவ். அதில் துவக்கிப் பல மணி நேரம் ஓடவிடுங்கள். அங்கேயும் நின்றுபோனால் விண்டோஸ்மீது பழியில்லை, வன்பொருளைத்தான் பார்க்க வேண்டும். அங்கே ஓடி விண்டோஸில் மட்டும் நின்றால் டிரைவர், அண்மையில் நிறுவிய மென்பொருள், வைரஸ் என்று தேடலாம். அல்லது விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கில் பழுது இருக்கலாம், ஏனெனில் பென் டிரைவில் ஓடும் லினக்ஸ் அந்த டிஸ்க்கை அதிகம் தொடுவதில்லை. விண்டோஸ் 8 முதல், ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் மையப் பகுதியின் நிலை டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு அடுத்தமுறை அப்படியே எழுகிறது. எனவே முழுதாகத் தொடங்க வேண்டுமானால் ‘ரீஸ்டார்ட்’ கொடுக்க வேண்டும்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், தேதியோடு எழுதி வையுங்கள். ரேம், எஸ்எம்பிஎஸ், விண்டோஸ் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் கணினி ஓடலாம். ஆனால் எது பழுது என்பது தெரியாமலேயே மூன்றுக்கும் பணம் கொடுத்திருப்பீர்கள்.

எதுவரை செலவழிப்பது

தூசு, பேஸ்ட், கேபிள், ரேம், யுபிஎஸ் பேட்டரி ஆகியவற்றுக்குச் செலவழிப்பது நியாயம். பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போடுவதும் நியாயம், பின்னாளில் வேறு கணினிக்கும் அது உதவும். மதர்போர்டு போய்விட்டால் யோசிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. தனிநபர்களுக்கு அறிவிக்கப்பட்ட பாதுகாப்பு நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11, இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசஸரையும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் கேட்கிறது. அவை இல்லாத கணினியில் லினக்ஸ் போட்டுத் தொடரலாம். கிராக் செய்த விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள், அத்தகைய கருவிகளோடு வைரஸும் வந்து சேரும். கணினியைப் பழைய சாமான்காரரிடம் போட நேர்ந்தால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

வன்பொருள் பழுது தானாகக் குணமாவதில்லை, இடைவெளி விட்டுத் திரும்ப வருகிறது. அந்த இடைவெளிதான் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். உங்கள் வீட்டுக் கணினி இந்த மாதம் ஒருமுறைக்கு மேல் நின்றிருந்தால், கடைக்குப் போவதற்கு முன், இன்றிரவே முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். ஒரு நகல் வீட்டிலும் இன்னொரு நகல் வேறு வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். பழுது எது என்பதை அதன்பின் நிதானமாகத் தேடலாம்.